தடைக் காலத்தில் வீடு செய்யும் வேலை

2015 டிசம்பரில் இலங்கை அணியோடு நியூசிலாந்தில் இருந்த குசல் ஜனித் பெரேராவை, முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கொடுத்திருந்த சிறுநீர் மாதிரியில் நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருப்பதாகக் கட்டார் நாட்டு ஆய்வுகூடம் அறிவித்திருந்தது. அவருக்கு அப்போது வயது 25. குற்றம் உறுதியானால் நான்கு வருடத் தடை. 2016 ஆசியக் கிண்ணமும் அதையடுத்து வந்த இருபது20 உலகக் கிண்ணமும் அவர் இல்லாமலே நடந்து முடிந்தன. அந்த வருடம் மே மாதத்தில் சர்வதேச கிரிக்கட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. மாதிரியில் இருந்தது மிகச் சிறிய அளவு. அது உடம்பிலேயே இயற்கையாக உருவாகியிருக்கலாம், மாதிரி மாசுபட்டும் இருக்கலாம் என்ற நிபுணர் கருத்துக்குப் பிறகு குற்றச்சாட்டு நிற்கவில்லை. 2019 பெப்ரவரியில் டர்பனில் கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவோடு 78 ஓட்டங்கள் சேர்த்து, தான் ஆட்டமிழக்காமல் 153 எடுத்து, இலங்கையை வெல்லவைத்தவர் இதே குசல்தான்.

அந்த ஐந்து மாதங்களில் இலங்கை கிரிக்கட் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. வெளிநாட்டுச் சட்டத்தரணிகளும் விஞ்ஞானிகளும் அவருக்காக வேலை செய்தார்கள். ஆய்வுகூடத்தின் முடிவையே கேள்வி கேட்கும் வசதி அவருக்கு இருந்தது.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து கொழும்புக் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடப் போன பையனுக்கு, மாதிரியில் ஊக்கமருந்து தெரியவந்ததாக ஒரு கடிதம் வந்தால்? மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடி ஓடி, ஒரு பெரிய அணியில் சம்பளத்தோடு இடம்பிடித்த மஸ்கெலியாப் பெண்பிள்ளைக்கு வந்தால்? பின்னால் நிற்க நிறுவனம் இல்லை. வீடு இருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு விதிக்கோவையின்படி தடையிலிருப்பவர் அணியோடு பயிற்சி செய்யக் கூடாது, கழகத்தின் வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது, விளையாட்டுக்கென்று கிடைக்கும் பண உதவியும் நிறுத்தப்படலாம். பயிற்றுநர், தோழர்கள், மைதானம், வருமானம் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. எஞ்சுவது அம்மா, அப்பா, அக்கா, மாமா. இவர்களுடைய வேலை ஆறுதல் சொல்வதோடு முடிவதில்லை. ஆய்வுகூடம் எப்படி வேலை செய்கிறது, மனம் எப்படி வேலை செய்கிறது, தசை எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்தால், ஒரு நிறுவனம் செய்யும் வேலையில் பெரும்பங்கை வீட்டாரே செய்துவிடலாம்.

ஆய்வுகூடத்திலிருந்து தொடங்குவோம். வீரர் கொடுக்கும் சிறுநீரை அவர் கண்முன்னேயே இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரையிடுகிறார்கள். ‘ஏ’ போத்தலை முதலில் பரிசோதிப்பார்கள். ‘பி’ போத்தல் உறைநிலையில் காத்திருக்கும். நன்ட்ரோலோன் உடம்புக்குள் சிதைந்து 19-நோர்அன்ட்ரோஸ்டெரோன் என்ற பொருளாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. மில்லிலீற்றருக்கு 2.5 நானோகிராமைத் தாண்டினால் அது கவனத்துக்கு வரும். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் தண்ணீர் பவுசர்கள் நூறை வரிசையாக நிறுத்தி, அவ்வளவு நீரிலும் அரைக் கரண்டிச் சீனியைக் கரைத்தால் வரும் செறிவு அது. இவ்வளவு நுணுக்கமாகக் கண்டுபிடிக்கும் கருவியிடம் ‘கொஞ்சம்தானே’ என்ற வாதம் எடுபடாது.

ஆனால் இந்தப் பொருளை மனித உடம்பும் மிகச் சிறிய அளவில் தானாகவே உண்டாக்குகிறது. கர்ப்பிணிகளில் அது கூடும். விதையடிக்காத ஆண் பன்றியின் ஈரல், சிறுநீரகம் போன்றவற்றைச் சாப்பிட்டாலும் சிறுநீரில் தெரியலாம். ஆகவே 2.5க்கும் 15க்கும் இடையில் அளவு வந்தால் இன்னொரு சோதனை வேண்டும். கார்பன் அணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சற்றுக் கனமானது, கார்பன்-13. மருந்துத் தொழிற்சாலைகள் ஸ்டீரொய்டுகளைப் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களிலிருந்து எடுக்கும் மூலப்பொருளில் செய்கின்றன. அவற்றில் கார்பன்-13 வழக்கமாகக் கொஞ்சம் குறைவு. அதே சிறுநீரில் இருக்கும் அந்த மனிதரின் சொந்த ஸ்டீரொய்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பொருள் உள்ளே பிறந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். மனிதன் கண்டுபிடித்த அழகான சோதனைகளில் ஒன்று என்று இதை நான் நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தாலும், எந்த வழியாக வந்தது என்று போத்தல் சொல்லாது. இங்கேதான் வீட்டார் தேவைப்படுகிறார்கள். உடம்புக்குள் இருந்ததற்கு வீரரே பொறுப்பு என்பது விதிக்கோவையின் அடிப்படை. நன்ட்ரோலோன் போன்ற ஸ்டீரொய்டு என்றால் தொடக்கப்புள்ளியே நான்கு வருடம். வேண்டுமென்று எடுக்கவில்லை என்று காட்டும் சுமை வீரரின் தலையில். அதைக் காட்டினால் இரண்டு வருடமாகலாம். மாசுபட்ட ஒரு பொருளிலிருந்து வந்தது, தன் பக்கம் பெரிய கவனக்குறைவு இல்லை என்றும் நிறுவினால் இன்னும் குறையும். எப்படி வந்தது என்பதைப் பொருளோடும் தேதியோடும் காட்டினால்தான் அந்த வாதத்துக்குப் பலம். ‘எங்க புள்ள அப்படிச் செய்யாது’ என்பது தாயின் சாட்சி, விசாரணைக் குழுவுக்கு அது போதாது.

ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஹோர்மோன் எதுவும் இல்லை என்று விற்கப்பட்டவை அவை. அவற்றில் 94 பொருட்களில், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லாத ஸ்டீரொய்டு கலந்திருந்தது. நகரத்து உடற்பயிற்சி நிலையத்தில் யாரோ பிரித்துக் கொடுத்த புரதத் தூளைத் தாளில் மடித்து வாங்கிவரும் பையனின் நிலைமையை இதிலிருந்து யோசித்துப் பாருங்கள். டப்பாவும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

மஸ்கெலியாவுக்கே உரிய பொறிகளும் உண்டு. மழையும் குளிரும் புகையும் சேர்ந்த ஊரில் வீசிங் இல்லாத லயம் குறைவு. சல்பியூட்டமோல் இங்கே எல்லோருக்கும் தெரிந்த மருந்து. அதை இன்ஹேலராக, ஒரு நாளைக்கு 1600 மைக்ரோகிராமுக்குள், எட்டு மணித்தியாலத்துக்கு 600க்கு மேற்படாமல் இழுத்தால் குற்றமில்லை. அதே மருந்தை மாத்திரையாகவோ பாணியாகவோ விழுங்கினால், போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடைசெய்யப்பட்டது. டிஸ்பென்சரியில் ஒரு சின்னக் கடித உறையில் போட்டுக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை எது என்று உறையில் எழுதி வாங்காத வீட்டில், ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. கால் வீக்கத்துக்குப் பாட்டி சாப்பிடும் பியூரோசமைட் மாத்திரையும் பட்டியலில் இருக்கிறது. அது சிறுநீரைப் பெருக்கி மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கக்கூடியது என்பதால் அந்தத் தடை. உண்மையில் நோய் இருந்தால் வைத்தியரின் அறிக்கையோடு விண்ணப்பித்துச் சிகிச்சைக்கான விதிவிலக்கு அனுமதி பெறலாம். அதை முன்கூட்டியே செய்துவைப்பதுதான் நல்லது.

ஆகவே கடிதம் வந்த அன்றே வீட்டில் ஒருவர், நிதானமாக எழுதப் படிக்கத் தெரிந்த அக்காவோ சித்தப்பாவோ, ஒரு கொப்பியை எடுத்து உட்கார வேண்டும். மாதிரி கொடுத்த தேதிக்கு முந்தைய வாரங்களில் சாப்பிட்டது, குடித்தது, பூசியது, ஊசி போட்டது எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுத வேண்டும். குப்பைக்குப் போகவிருந்த போத்தல், மாத்திரை அட்டை, வைத்தியசாலைக் கொப்பி, கடை பில் எதையும் எறியக் கூடாது. மீந்திருக்கும் தூளைத் திறக்காமல் அப்படியே கட்டி வைக்க வேண்டும். பின்னால் ஓர் ஆய்வுகூடம் அதைச் சோதிக்கலாம்.

கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. ‘பி’ போத்தலைத் திறந்து சோதிக்கும்படி கேட்கும் உரிமை வீரருக்கு இருக்கிறது. குறித்த நாளுக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். நான்கு வருடத் தடையை முன்வைத்து வரும் குற்றப்பத்திரம் என்றால், 20 நாட்களுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஏற்றுக்கொள்பவருக்கு ஒரு வருடம் குறையலாம். இருபத்தோராம் நாள் அந்தச் சலுகை இல்லை.

மலையகத்து வாசகருக்கு இந்த இடம் சட்டென்று உறைக்கும். நம்முடைய லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தில் தங்கி, யார் கையிலோ மாறி மாறி வீடு சேர்கின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்தபின் கைக்கு வந்த கதை இங்கே எல்லாத் தோட்டத்திலும் உண்டு. விளையாட்டில் பதிவாகும் பிள்ளைக்கு நம்பகமான ஒரு முகவரியும், மாறாத தொலைபேசி இலக்கமும், வீட்டில் இன்னொருவரும் திறந்து பார்க்கும் மின்னஞ்சலும் இருப்பது அவருடைய உரிமையைக் காக்கும் விஷயம். இலங்கையில் இதற்குப் பொறுப்பானது 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையம், சுருக்கமாக ஸ்லாடா. தகவல் மாறினால் அவர்களுக்கு எழுதி அறிவித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பிள்ளை வேண்டுமென்றே எடுத்திருந்தால்? அதற்கும் வீடு வேண்டும். அப்பாவின் கோபத்துக்குப் பயந்து இருபது நாளும் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை, பயத்துக்கு விலையாக ஒரு வருடத்தைக் கொடுக்கிறது. உண்மையைச் சொன்னால் முதலில் கேட்பார்கள், அப்புறம்தான் ஏசுவார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் வீட்டுப் பிள்ளை முதல் வாரத்திலேயே சொல்லிவிடும். பிள்ளையின் பக்கம் நிற்பது வேறு, பிள்ளை குற்றமற்றது என்று ஊரெல்லாம் சத்தியம் செய்வது வேறு. இரண்டாவதை அவசரப்பட்டுச் செய்துவிட்டால், பிறகு உண்மையைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழியில்லாமல் போகிறது.

திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்து முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரல் 22 அன்று டோஹாவில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியின் 800 மீற்றரில் 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். மகள் சாப்பிட வேண்டும் என்பதற்காக அப்பா மாட்டுக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்ட நாட்களைப் பற்றி அப்போது அவர் பேசினார். பிறகு மாதிரிகளில் நன்ட்ரோலோன் தெரியவந்து, அவருடைய விளக்கம் ஏற்கப்படாமல், நான்கு வருடத் தடை விழுந்தது. பதக்கமும் போனது. அந்தத் தீர்ப்பை நான் இங்கே ஆராயவில்லை. ஆனால் குடும்பம் பட்டினி கிடந்து வளர்த்த வீரருக்குத் தடை வரும்போது சுமை இரட்டிப்பாகிறது. கொழுந்துக் கூடையின் கூலியில் சப்பாத்து வாங்கிக் கொடுத்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத நிலை அது. ‘உனக்காக நாங்கள் எவ்வளவு செய்தோம்’ என்ற பேச்சு, சொல்பவருக்குப் பாசமாகத் தோன்றினாலும், கேட்பவருக்கு இன்னொரு தண்டனை.

மனம் பற்றிய ஆய்வுகள் இதை உறுதி செய்கின்றன. 2003இல் கலிபோர்னியாவில் நயோமி ஐசன்பர்கரும் சக ஆய்வாளர்களும் ஓர் எளிய கணினி விளையாட்டை வைத்தார்கள். மூவர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் இவருக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையைப் படமெடுத்தால், உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதிக்கு வேறு பல வேலைகளும் உண்டு என்று பிறகு விவாதம் எழுந்தது உண்மைதான். என்றாலும் சில நிமிட விளையாட்டில் ஒதுக்கப்படுவதே வலிக்கிறது என்பதில் ஐயமில்லை. தடை என்பது வருடக்கணக்கில் பந்து வராமல் இருப்பது.

2006இல் ஜேம்ஸ் கோனின் குழு, மின்னதிர்ச்சி வரலாம் என்று பயந்துகொண்டிருந்த திருமணமான பெண்களின் மூளையைப் பார்த்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கான மூளையின் பதற்றம் குறைந்தது. முன்பின் தெரியாதவரின் கை அவ்வளவு உதவவில்லை. உறவு எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு பலன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உடம்புக்குள் வேலை செய்யும் ஒரு செயல் என்பதற்கு இது நல்ல சாட்சி.

என் மனதுக்கு நெருக்கமான ஆய்வு நயல் போல்ஜருடையது, 2000இல் வெளிவந்தது. நியூயோர்க்கில் சட்டத்தரணி ஆவதற்கான பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைகளும் நாள்தோறும் தனித்தனியே குறிப்பெழுதினார்கள். இன்று நான் உதவினேன் என்று துணை எழுதியும், உதவி கிடைத்ததாகப் படிப்பவர் எழுதாத நாட்கள்தான் மனச்சோர்வைக் குறைத்தன. உதவி கண்ணில் பட்ட நாட்களில் அந்தப் பலன் இல்லை, சில வேளை சோர்வு கூடவும் செய்தது. தாங்கப்படுகிறோம் என்று உணரும்போது, நம்மால் நிற்க முடியவில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது போலும்.

பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் கண்ணில் படாமல் உதவுவது எப்படி? ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். குழாயடியில் ‘என்னா தம்பி, இந்த வாட்டி டீமுல பேரு இல்லியாம்?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கு அவன் பதில் தேடவேண்டி வருமுன், ‘வீட்டுல வேலை இருக்கு, கொஞ்ச நாள் நிக்கிறான்’ என்று அம்மா பேச்சை முடித்துவிடலாம். தம்பியின் கணக்குப் பாடத்தைப் பார்க்கச் சொல்லலாம், மாமாவின் மரக்கறித் தோட்டத்துக்கு அனுப்பலாம். விளையாட்டு வீரன் என்ற ஒரே அடையாளத்தில் மொத்த உயிரையும் வைத்திருப்பவர்கள் அது உடையும்போது மிகவும் சரிகிறார்கள் என்று விளையாட்டு உளவியலில் 1990களிலிருந்து பேசி வருகிறார்கள். அவன் ஒரு மகன், ஒரு அண்ணன், நாலு பேருக்கு வேண்டியவன் என்பதை வேலைகளே அவனுக்குக் காட்டும். ஆனால் நித்திரை கெட்டு, சாப்பாட்டை ஒதுக்கி, இருந்து என்ன பயன் என்று பேச ஆரம்பித்தால் மறைமுகம் எல்லாம் வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் தொலைவில் இல்லை.

உடம்பைப் பற்றி நல்ல செய்தி இருக்கிறது. 1984இல் எட்வர்ட் கோயில், நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் பயிற்சியை நிறுத்தவைத்துப் பார்த்தார். உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் விழுந்தது. 56ஆம் நாளுக்குள் 16 சதவீதம் விழுந்து அங்கேயே நின்றது. தடை கிடைத்த துக்கத்தில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தால் இழப்பது இவ்வளவு. ஆனால் படுத்துக் கிடக்கத் தேவையில்லை. பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி பெற்றவர்கள், வாரத்துக்கு ஆறு நாள் என்பதை இரண்டாகக் குறைத்தும், அந்த அளவைப் பதினைந்து வாரம் காப்பாற்றியதை 1981இல் ரொபர்ட் ஹிக்சன் காட்டினார். நிபந்தனை ஒன்றுதான்: அந்த இரண்டு நாளும் வேகம் குறையக் கூடாது. வேகத்தைக் குறைத்தபோது உடம்பும் சரிந்ததை அவருடைய பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது.

கழக மைதானம் மூடியிருந்தாலும் மலை மூடவில்லை. தனியாக ஓடுவதை விதி தடுக்கவில்லை. தோட்டத்து ஏற்றப்பாதையில் வாரம் இரண்டு தடவை மூச்சிரைக்க ஏறி, மற்ற நாட்களில் இலகுவாக ஓடினால், அடித்தளம் பெரும்பாலும் நிற்கும். அக்கா கைத்தொலைபேசியில் நேரம் பிடித்து எழுதிவைத்தால் பயிற்றுநர் இல்லாத குறை பாதி தீரும். தசையும் எளிதில் மறப்பதில்லை. பயிற்சியில் தசை இழை பருக்கும்போது அதற்குள் புதிய கருக்கள் சேர்கின்றன. பயிற்சி நின்று தசை மெலிந்தபின்னும் அவை தங்கியிருப்பதை ஒஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு 2010இல் எலிகளில் கண்டது. மனிதரில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஸ்டீரொய்டு கொடுத்து நிறுத்திய எலிகளிலும் கூடுதல் கருக்கள் தங்கின என்று அதே குழு பிறகு காட்டியது. தடை ஏன் வருடக்கணக்கில் நீள்கிறது என்று கோபப்படுபவர்கள் இதையும் நினைத்துப்பார்க்க வேண்டும். எடுத்தவருக்குக் கிடைத்த நன்மை மருந்தோடு கரைந்து போகாமல் இருக்கலாம்.

அணியோடு பயிற்சிக்குத் திரும்ப, தடை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு மாதம், அல்லது தடையின் கடைசிக் கால்பங்கு, இவற்றில் எது குறைவோ அந்தக் காலத்தில் போகலாம். நான்கு மாதத் தடைக்குக் கடைசி ஒரு மாதம், நான்கு வருடத் தடைக்குக் கடைசி இரண்டு மாதம். அதுவரையும் பரிசோதகர் எந்த விடியலிலும் வாசலில் நிற்கலாம். தடையில் இருப்பவர் பரிசோதனையிலிருந்து விடுபட்டவர் அல்லர். மாதிரி கொடுக்க மறுத்தால் அது தனிக் குற்றம். வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பிள்ளையை எழுப்பி அனுப்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும், பாட்டிக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து அன்பான அழைப்பாகத்தான் வரும். சித்திரை பிறந்தால் போட்டிகள் தொடங்கிவிடும், ஆள் குறைகிறது, பத்து நிமிடம் வந்து ஆடிவிட்டுப் போகச் சொல்வார்கள். அது அங்கீகரிக்கப்பட்ட லீக்கோ, அதில் பதிவான கழகமோ நடத்துகிற போட்டி என்றால், தடையை மீறியதாகிவிடும். முதல் தடை எவ்வளவு காலமோ அதே அளவு மீண்டும் பின்னால் சேர்க்கப்படலாம். எந்தப் போட்டி என்று நிச்சயமில்லாவிட்டால் முதலில் ஸ்லாடாவுக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும். கூப்பிட வரும் ஆட்களிடம் மறுக்க இருபது வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும். ‘இல்லைங்க அண்ணே, ஜூன் மாசத்துக்குப் பொறகுதான் வருவான்’ என்று அப்பாவே வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பிவிடலாம்.